நரம்பு மாத்திரையும் நாமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணம் பயில்வான் ஒருவன் மருந்தைப்பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என நண்பர் சிலர் வினவினர். பொருந்தாதென்றே யானும் முதலில் எண்ணினேன். எனினும், எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த துன்பம் ஒன்றும், அதனோடு தொடர்புற்று யானே செய்த பிழையொன்றும் என்னை வாளாவிருக்க விடவில்லை. ஈண்டு வரும் மருத்துவச் செய்திகள் கற்றார் எழுதியவற்றைப் படித்தும் மருத்துவர் கூறக் கேட்டும் அறிந்தவை; அவற்றின்மேல் எழும் கருத்து என்னுடையது. குற்றங் காண்பார் கருத்தின்மேற் காண்க.

நம் மக்கள் "நரம்பு மாத்திரை" எனவும் "தூக்க மாத்திரை" எனவும் வழங்குவன பல. அவற்றுள் அல்பிரசோலம், டயஸிபம், லோராசிபம், குளோனாசிபம் என்பன ஓரினத்தைச் சார்ந்தவை; பென்ஸோடையசிபைன் என்பது அவ்வினத்தின் பெயர். மருத்துவர் எழுதிய சீட்டின்மேலன்றி விற்றலாகாத மருந்துகள் இவை. பதற்றநோய்க்கு இவற்றை உண்ணலாமா, உண்ணலாகாதா எனப் பலரும் வழக்காடுகின்றனர். உண்ணத் தொடங்கும் அன்றே நிறுத்தும் நாளையும் கேட்டறிந்தோமா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா என்பது என் துணிபு.

முதற்கண் நோயைப்பற்றி ஒரு சொல். அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களன் நான்கெனத் தொல்காப்பியனார் வகுத்தனர். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. இவை நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. விலகினால் அச்சமும் விலகும். பதற்றநோயாளர்க்கோ இந்நான்கனுள் ஒன்றும் அருகில் இல்லாத போழ்தத்தே நெஞ்சு துடிக்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, மூச்சு முட்டுகின்றது, இப்பொழுதே இறந்துபடுவோம் என்னும் எண்ணம் எழுந்து அறிவை மூடுகின்றது. ஓடித் தப்புதற்கு அங்கே புலியுமில்லை, கள்வனுமில்லை. இத்தகையாரை நோக்கித் "தைரியமாயிரு" என்பது, காய்ச்சலால் நடுங்குவானை நோக்கி "நடுங்காதே" என்பதனோடு ஒக்கும். கூறுவார் நல்லவரே, கேட்பவர்க்குத்தான் பயனில்லை.

என் அத்தை திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் வாழ்பவர். மாமா ஓரிரவில் மாரடைப்பால் காலமானார். அதன்பின் இரவு பத்து மணிக்கு மேல் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். தமக்கும் மாமாவுக்கு வந்ததே வந்ததென்று நடுங்குவார். இருமுறை நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர், ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்து இருதயத்தில் யாதொரு குறையும் இல்லையென்றனர். மூன்றாம் முறை பார்த்த மருத்துவர், இது பதற்றநோய் எனக் கண்டு, இரண்டு மருந்துகள் எழுதினார். ஒன்று, நாள்தோறும் பல திங்கள் உண்ணவேண்டிய எஸ்ஸிடாலோபிராம். மற்றையது, இரவில் மட்டும் உண்ணவேண்டிய 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம். அதற்கு இரண்டு வாரமே எல்லை.

மருத்துவர் செய்தது முறையே என்பதை ஈண்டு வற்புறுத்திக் கூறவேண்டும். எஸ்ஸிடாலோபிராம் போன்ற மருந்துகள் தம் பயனைக் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாட்களிற் பதற்றத்தைச் சிறிது மிகுத்துக் காட்டுதலும் உண்டு. அல்பிரசோலமோ ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். ஆகவே, மெல்ல வரும் துணைவன் வந்து சேருங்காறும் விரைந்து வருவானைச் சில நாள் வாயிலில் நிறுத்தி வைப்பது மருத்துவர் வழக்கு. இதனை அத்தைக்கு எவரும் விளங்க உரைத்திலர். புறநோயாளர் வரிசையில் அவருக்குப் பின்னே நாற்பதின்மர் நின்றனர். மருத்துவரைத்தான் எங்ஙனம் நோவது? அத்தை கண்டதென்னை? ஒரு மாத்திரை குமட்டலைத் தந்தது. மற்றொரு மாத்திரை அன்றிரவே உறக்கத்தைத் தந்தது. வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாத கெட்டிக்காரர் அவர். பயன் தராததை நிறுத்தினார்; பயன் தந்ததை வைத்துக்கொண்டார். இரண்டு வாரச் சீட்டு மூன்றாண்டு உழைத்தது. ஊரிலுள்ள மருந்துக்கடையில் அப்பழைய சீட்டையும் பின்னர்க் கேட்டிலர். வெறும் அட்டையைக் காட்டினாலே புதிய அட்டை கிடைத்தது. 0.25 மில்லிகிராம் 0.5 ஆயிற்று, இரவுக்கொன்று என்பது காலைக்கொன்றும் இரவுக்கிரண்டும் ஆயிற்று.

அளவு ஏன் ஏறவேண்டும்? மூளையின் நரம்பணுக்களுள் ஒன்றையொன்று கிளர்த்துவனவும் உள, அடக்குவனவும் உள. அடக்கும் செய்தியை ஏந்திச் செல்லும் இயற்கைப் பொருளுக்குக் காபா என்பது பெயர். நாம் பேசும் மாத்திரை புதிதாக அமைதி ஒன்றனைக் கொண்டுவந்து தருவதில்லை. காபாவின் கையை வலுப்படுத்துகின்றது, அவ்வளவே. நாள்தோறும் இத்துணை புறத்திருந்து வருமாயின் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து மகன் பணம் அனுப்பத் தொடங்கியதும் தந்தை வயலைத் தரிசாக விட்டதுபோலாம். ஒருநாள் மணியார்டர் நின்றுவிட்டால் அவ்வயல் மறுநாளே நெல் விளைந்து தருமோ? உழவேண்டும், நீர் பாய்ச்சவேண்டும், பல திங்கள் காத்திருக்கவேண்டும். இங்ஙனம் உடல் பழகிப்போதல் வேறு. குடியன் குடிக்கு ஏங்குவதுபோல் ஏங்கித் திரிதல் வேறு. முன்னையது மருத்துவர் சொற்படி நடந்தார்க்கும், நீண்டநாள் உண்பாராயின், வருவது. அத்தைக்கு வந்தது முன்னையதே. "மாத்திரைக்கு அடிமை" என்று உறவினர் அவரைப் பழித்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

நிற்க. சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து யாவரும் பிரிந்த சில நாளில், அத்தை தம் தகரப்பெட்டியில் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு குறைந்தன. தாமே தின்றுவிட்டு மறந்ததாக எண்ணினார். அவ்வெண்ணமே அவரைக் கலக்கிற்று. மாமாவின் தம்பி, யான் சின்ன மாமா என்று அழைப்பவர், ஆலயத்தில் மூப்பராய் இருப்பவர், "இந்த மாத்திரை உங்கள் மூளையைக் கெடுத்துவிட்டது, மதினி! இன்றோடு தூக்கி எறியுங்கள். ஜெபித்துக்கொண்டு படுத்தால் உறக்கம் தானே வரும்" என்றார். அன்பினாற் சொன்னதே. அவர் கூற்றிற் பாதி மெய்யுமாம். நீண்டநாள் உண்பார்க்கு, அதிலும் முதியோர்க்கு, இம்மருந்து நினைவை மங்கச் செய்தல் உண்டு. மற்றைப் பாதிதான் இடருக்கு ஏதுவாயிற்று. அத்தை அன்றிரவே நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கிற்று. இரண்டாம் இரவு கண் மூடவில்லை. வியர்வை ஆறாய்ப் பெருகிற்று. விளக்கொளியும் சிற்றொலியும் ஊசிபோற் குத்தின. பழைய பதற்றம் முன்னிலும் பன்மடங்காய்த் திரும்பிற்று. நான்காம் நாட் காலையில், அடுக்களையில் நின்றவர், வலிப்புக் கண்டு வீழ்ந்தார். நெற்றியில் ஏழு தையல்.

வலிப்பை அடக்குதற்கு மருத்துவமனையில் ஊசி வழியே செலுத்தும் மருந்துகளும் இவ்வினத்தனவே என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். வலிப்பை நிறுத்தும் வன்மை எதற்குண்டோ, பழகிய உடலினின்று அதனைத் திடீரெனப் பறித்தால் வலிப்பே வருகின்றது. இஃது இன்று நேற்றுக் கண்ட செய்தியுமன்று. ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியலறிஞர் அமெரிக்காவில் ரோஷ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திற் கண்டுபிடித்த முதல் பென்ஸோடையசிபைனாகிய லிப்ரியம் விற்பனைக்கு வந்தது 1960-ஆம் ஆண்டில். மறு ஆண்டிலேயே, ஹாலிஸ்டர் என்னும் மருத்துவர், அதனைப் பேரளவிற் பல திங்கள் உண்டோர்க்கு ஒருசேர நிறுத்தியபோது வலிப்பும் கண்டதென எழுதினார். கேட்டார் சிலரே. 1963-இல் டயஸிபம் வாலியம் என்னும் பெயரோடு வந்தது; உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அதற்கு முன்னிருந்த பார்பிச்சுரேட்டு மருந்துகளில் உறங்கும் அளவுக்கும் உயிர்போகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. புதிய இனத்தில் அவ்விடைவெளி பெரிது. ஆதலின் யாவரும் நெஞ்சாரப் போற்றினர். இங்கிலாந்தில் மருந்துகளின் பாதுகாப்பை ஆயும் குழு, பதற்றத்துக்கு இவற்றை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேற் கொடாதீர் என்று மருத்துவர்க்கு அறிவித்தது 1988-இல். அமெரிக்க அரசின் மருந்துத் துறை, இவ்வின மருந்துகள் எல்லாவற்றின் குறிப்பேட்டிலும் உடற்பழக்கத்தையும் நிறுத்துங்கால் வரும் இடரையும் கட்டமிட்ட எச்சரிக்கையாய் அச்சிடப் பணித்தது 2020-இல். முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே அறுபதாண்டு கழிந்தன. அத்தையின் ஊரை அது இன்னும் எய்தவில்லை.

இனி என் பிழை. தகரப்பெட்டியிற் குறைந்த இரண்டு மாத்திரைகளையும் எடுத்தவன் யானே.

விடுமுறைக்குப் பின் யாப்பிலக்கணத் தேர்வு இருந்தது. தேர்வென்றால் எனக்கு வயிறு கலங்கும். அத்தைக்கு அமைதி தருவது எனக்கும் தாராதோ என்று கருதி, கேளாமல் எடுத்து, சட்டைப்பையில் முடிந்துகொண்டு விடுதிக்கு வந்தேன். தேர்வுக்கு முதல்நாள் மாலை ஏழு மணிக்கு ஒன்றை விழுங்கினேன். கலக்கம் தீர்ந்ததென்னவோ மெய்தான். பத்து மணிவரை படித்தேன். படிப்பது இனிதாகவும் இருந்தது. மறுநாள் தேர்வு மண்டபத்தில் அமர்ந்தபோது, முன்னாள் வாரங்களிற் படித்தது நினைவில் நின்றது. அம்மூன்று மணி நேரம் படித்த பகுதிமட்டும் எழுதா ஓலையாய் வெறித்தது. இம்மாத்திரை உண்டபின் நிகழ்வனவற்றை மனத்திற் பதியவொட்டாமற் செய்தல் உண்டு என்பதை அன்று யான் அறியேன். மற்றொன்றை உண்ணத் துணிவின்றி எறிந்துவிட்டேன். அத்தையைப்பற்றிய செய்தி அதற்கு ஆறு நாட்குப் பின் வந்தது. இக்கட்டுரையை இதழாசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னரே அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் எனக்கு மறதி இல்லை, அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

விடுதித் தோழர்க்குச் சொல்கின்றேன். பரீட்சைக் காலத்தில் இம்மாத்திரை கைம்மாறுவதை நாம் அறியாதவரல்லம். கொடுப்பவன் தோழமையாற் கொடுக்கின்றான். ஒருவனுக்கு அளந்த அளவு மற்றொருவனுக்கு அளவன்று. அவன் அருந்தும் பிற மருந்துகளும் நமக்குத் தெரியா. அல்பிரசோலத்தைக் கல்லீரல் கரைத்து நீக்குகின்றது. படர்தாமரைக்கு உட்கொள்ளும் இட்ராகோனசோல் அவ்வேலையைத் தடுத்து, சிறிய அளவையும் பெரிய அளவாக்கிவிடும். இரண்டையும் சேர்த்தல் ஆகாதென்பது விதி. படர்தாமரை நம் விடுதியில் எத்தனை பேர்க்கு உளதென்பதை எண்ணிப் பார்மின்! மதுவோடு சேர்ந்தால் மூச்சே தளரும். அபினியின் வழிவந்த வலிமருந்துகளோடும், டிராமடாலோடும், கோடீன் கலந்த இருமல் மருந்தோடும் சேர்ந்தாலும் அதுவே. தனித்து உண்டால் உயிர்க்கு இறுதி தருதல் அரிதாகிய மருந்து, இக்கூட்டுறவால் எமனாகின்றது.

அற்றேல், இம்மருந்தை அறவே ஒழித்தல் நன்றன்றோ எனின், அன்று. முதல் இரண்டு வாரத்தில் அத்தை உறங்கினார்; உண்டார்; மாமாவின் பெயரைச் சொல்லி அழவும் அவரால் இயன்றது. அதற்கு முன் அழுதற்கும் இடங்கொடாத நடுக்கமன்றோ இருந்தது? அவ்விரண்டு வாரம் மருந்து தன் கடனைச் செவ்வனே செய்தது. திருவள்ளுவர், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என நான்கு கூறாக்கிக் காட்டினர். எங்கள் இல்லத்திலே மூன்று கூறும் கைவிட, ஒரு கூறாகிய மருந்து தனியே நின்று உழைத்தது. அதனைக் குறை கூறுவது அறமாகாது.

குறை எங்கேயெனின், என் கருத்திற் பெரும்பகுதி அச்சீட்டிலே உளது. நம் நாட்டுச் சட்டம் இம்மருந்துகளைப் பொறுத்தவரை மெலிதன்று. அல்பிரசோலமும் டயஸிபமும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் வரம்புக்குள் வருவன. 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையிலும் அவை சேர்ந்துள்ளன. எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு என்பனவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருத்தல் வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என மருத்துவர் எழுதினாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒருமுறையே மருந்து கொடுக்கவேண்டும். அட்டையிற் சிவப்புக் கட்டமும் உண்டு. அத்தை அதனை அழகுக்கென எண்ணியிருந்தார். விதி இவ்வளவும் இருக்க, சீட்டிலே "இந்நாளோடு நிறுத்துக" என ஒரு வரி இல்லாமையாற் பாழாயிற்று. தொடங்கும் நாளை எழுதும் மருத்துவர், நிறுத்தும் நாளையும், நிறுத்தும் முறையையும் நோயாளியின் மொழியிலே எழுதித் தருதல் வேண்டும். எழுத ஓய்வில்லையேல், நாம் கேட்கவேண்டும். "ஐயா, இதனை எத்தனை நாள் உண்பது? எவ்வாறு விடுவது? இதற்குப் பின் என் நோய்க்கு வழி யாது?" என்னும் இம்மூன்றையும் கேட்டற்கு ஒரு நிமிடம் போதும். கேட்டால் சினப்பாரோ என்று அஞ்சுகின்றோம். பதற்றநோயாளர் கேட்கவும் நாணுவர். ஆதலின் உடன் செல்வோர் கேட்டல் தகும்.

மூன்றாவது வினாவே தலையாயது. மாத்திரை பதற்றத்தை அன்றைக்கு அடக்குமேயன்றி வேரோடு நீக்காது. அச்சம் எழுங்கால் எண்ணம் எவ்வழியே ஓடுகின்றது என்பதை உணர்ந்து, அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பழக்கும் உளவியற் பயிற்சி ஒன்றுண்டு. மருந்து நின்றபின்னும் அப்பயிற்சி நிற்பதென்பர். அத்தகைய பயிற்சியாளர் சிற்றூர்களிற் கிடைப்பதரிது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அரசினர் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசித் துணை, 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கின்றது. மருத்துவரைத் தேடிச் செல்ல நாணுவார்க்கு இது நல்ல வாயில். நம் விடுதி அறிவிப்புப் பலகையில் உணவுப் பட்டியலுக்கு அருகே அவ்வெண்ணை எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

வேறு சில செய்திகளைச் சுருங்கச் சொல்லி விடுகின்றேன். உண்டபின் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. முதியோர் இரவில் எழுங்கால் தடுமாறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிதல் மிகுதி. ஆதலின் அவர்க்குத் தருவதற்கு மருத்துவரே தயங்குவர். கருவுற்றார், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோர், முன்னரே குடிப்பழக்கம் உடையோர் தம் நிலையை மறையாது கூறவேண்டும். ஒருவேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டித்து உண்ணலாகாது. மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வைக்கவேண்டும் என்பதை எல்லாரினும் நன்றாய் அறிந்தவன் யான்.

மருத்துவமனையில் அத்தையைப் பார்த்த மருத்துவர், ஓர் இளம்பெண்மணி, முதலிற் செய்தது நிறுத்திய மருந்தை மீளக் கொடுத்தது. சின்ன மாமா திகைத்தார். பின்னர், அல்பிரசோலத்துக்கு ஈடான அளவு டயஸிபத்துக்கு மாற்றினார். காரணத்தையும் அவரே விளக்கினார். முன்னையது ஏறக்குறைய 11 மணி நேரத்தில் இரத்தத்திற் பாதியாய்க் குறைந்துவிடும்; பின்னையதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும்; ஆதலின் உடல் இறக்கத்தை உணராமல் இறங்கும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பத்திலொரு பங்குபோற் குறைத்துக்கொண்டு வருகின்றார். துன்பம் மிகுந்தால் அப்படியிலேயே சிலநாள் நின்று, பின் இறங்குவது. அவசரம் வேண்டாம், ஆண்டு ஒன்றானாலும் ஆகட்டும் என்றார். பழைய எஸ்ஸிடாலோபிராமும், சிறிய அளவில், மீண்டும் தொடங்கியுள்ளது. இம்முறை குமட்டல் சில நாளில் நீங்கும் என்று முன்னரே சொல்லியிருந்தமையால் அத்தை பொறுத்துக்கொண்டார்.

இப்பொழுது அத்தையின் அடுக்களைச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் சிவப்புப் பென்சிற் கோடுகள் உள. படி இறங்கும் நாட்களை அவை காட்டுகின்றன. புதிய சீட்டின் அடியில், நிறுத்தும் திங்கள் தமிழிலே எழுதியிருக்கின்றது. அதன் எதிரே கேள்விக்குறி ஒன்றும் இருக்கின்றது. சில இரவுகளில் இன்னும் விழித்து எழுந்து உட்காருகின்றார். அப்போது சின்ன மாமா, அண்டைவீட்டினின்று வந்து, திண்ணையில் அவரோடு ஜெபம் செய்துவிட்டு, அந்த வேளைக்குரிய மாத்திரையை உண்டாயிற்றா என்றும் கேட்டுவிட்டுப் போகின்றார். வரும் விடுமுறையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முறை என்னுடையது. தகரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று. திறவுகோலை மட்டும் உன் கையிற் கொடுக்கமாட்டேன் என்று அத்தை நகைத்துக்கொண்டே கூறினார்.